கிளெம் பூசிய பச்சை

டெல்ஃபின் மஸார்ட்டிடம் காரைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் திட்டு வாங்க வேண்டும். கார் சரியாவதெல்லாம் அதற்குப் பிறகுதான். க்ரீன் பே நகரத்துக்கு வடக்கே ஏரிக்குள் நீண்டு கிடக்கும் அந்த நிலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் முப்பது நாற்பது பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் போவார்கள். பேட்டரி ஏன் சாகிறது, விளக்கு ஏன் மங்குகிறது என்று கண்டுபிடிக்க அந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

அவளுடைய பட்டறை ஒரு காலத்தில் பாலாடைக்கட்டி செய்த கட்டடம். மழை நாட்களில் இன்னும் லேசாகப் புளித்த வாடை வரும். வடக்குச் சுவரில் நீளமாக ஒரு பலகை அடித்து, அதன்மேல் பேட்டரிக்கு மின்சாரம் செய்து கொடுக்கும் ஆல்டர்னேட்டர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார்கள், ரெகுலேட்டர் டப்பாக்கள் என்று வரிசையாக வைத்திருந்தாள். எல்லாமே நன்றாக வேலை செய்பவை. கோளாறு வேறெங்கோ இருக்க, அவசரப்பட்டுக் கழற்றி எறியப்பட்டவை. கழற்றியவர் பெயரை எழுதி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கும். கார்க்காரர்கள் அதற்கு 'நிரபராதிகள் பலகை' என்று பேர் வைத்திருந்தார்கள். வார்ட் லூமிஸ் பெயரில் மட்டும் ஐந்து சீட்டு. இத்தனைக்கும் அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கார் கிளப்புக்கும் தலைவன்.

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன், டெல்" என்பான் வார்ட், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"முயற்சியா? தலைவலின்னு வந்தவனுக்குப் பல்லைப் புடுங்கி விட்டிருக்கே. அதுவும் நல்ல பல்லு. கழட்டறதுக்கு முன்னாடி அளந்து பார்த்தியா?"

"இல்ல."

"பிள்ளைங்களுக்குக் கணக்கும் இப்படித்தான் சொல்லித் தர்றியா? விடையை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து?"

அளப்பதுதான் அவளுடைய மதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவது ஊருக்காக. கையில் மீட்டர் இல்லாமல் யாராவது "ஆல்டர்னேட்டர்தான் போச்சுன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அவளுக்குக் காது சிவந்துவிடும். தப்பு கார்க்காரனுடையது என்று தெரிந்தால் பூசி மெழுகாமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் இரண்டு பேர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் விளக்கு எரியாதபோது இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

இந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை நாற்பது மாடுகள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. மழையே இல்லாத கோடை. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி அப்பா போட்டிருந்த மின்வேலி திடீரென்று ஷாக் அடிப்பதை நிறுத்திக்கொண்டது. மாடுகள் சாவகாசமாக வேலியைத் தாண்டிப் பக்கத்துக்காரரின் சோளத்தில் இறங்கின. அப்பா வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினார், கம்பியை மாற்றினார், மறுபடி பெட்டியை மாற்றினார். மாடுகள் சோளம் தின்றுகொண்டே இருந்தன. போன மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும், அந்த வழி தரையில் அடித்த ஒரு இரும்புக் கம்பிதான், தரையோ காய்ந்து பாளமாகக் கிடக்கிறது என்று டெல்ஃபினுக்குத் தோன்றியது. இரண்டு வாளித் தண்ணீரைக் கம்பியடியில் கொட்டினாள். அந்த நேரம் பார்த்து வேலியில் கை வைத்திருந்த அப்பா, தேவாலயத்தில் சொல்லக் கூடாத வார்த்தைகளாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு சொன்னார். அன்றைக்கே அவள் பிழைப்பு முடிவாகிவிட்டது.

பிறகு ஸ்டர்ஜன் பே ஊரில் கப்பல் கட்டும் துறையில் ஒயர் இழுக்கும் வேலை. அங்கேதான் கிளெம். கப்பலின் வயிற்றில் பெயின்ட் அடிக்கிறவன். அவனுக்கும் ஒரு மதம் இருந்தது. நகக்கண் அளவு இரும்பு பூசாமல் விட்டாலும் தண்ணீர் அந்த வழியாக நுழைந்து கப்பலைத் தின்றுவிடும் என்பது அதன் முதல் கட்டளை. ஆணியின் தலை, வளையத்தின் உட்பக்கம், யாரும் எட்டிப் பார்க்காத மூலை, எல்லாவற்றையும் பூசுவான். டெல்ஃபின் மாட்டிய, ஒயர்கள் சேரும் பெட்டியையும் சேர்த்துப் பூசிவிட்டான் என்று அவள் சண்டைக்குப் போனதில்தான் பழக்கமே. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

கிளெம்மின் கார் பின்னால் கொட்டகையில் இருபது வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. எழுபத்தொன்றில் இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், தரையோடு தரையாக ஓடும். ஓய்வு பெற்றதும் அதைத் தொடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற அதே இலையுதிர் காலத்தில் மருத்துவர் அவன் வலது கையைப் பார்த்துவிட்டு நடுக்கவாதம் என்றார். கிளெம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தான்.

நாலு குளிர்காலம் வேலை நடந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, துருவைச் சுரண்டி, நிலவறையில் துணிக்கொடியில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் தனித்தனியாகப் பூசினான். மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து சுமார் மூன்று மணி நேரம் கை சொன்னபடி கேட்கும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிரஷ். அடியில் கப்பலுக்குப் பூசும் பிரைமர், மேலே கரும்பச்சை. ஒரு பிராக்கெட்டுக்கு மூன்று முறை பூசி, மூன்று முறையும் பிடிக்காமல் சுரண்டி, நாலாவது முறை அவனே ஒத்துக்கொண்டான். ஒயர் வேலைக்காவது தான் வரட்டுமா என்று டெல்ஃபின் கேட்டபோது, "இது என் கார். நீ உன் பட்டறையைப் பாரு" என்றான். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட, அவன் அந்தக் காரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நோயை மறந்திருக்கிறான் என்ற நிம்மதி பெரிதாக இருந்ததால் பேசாமல் விட்டாள்.

செர்ரி மரங்கள் பூக்கும் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளப் கார்கள் எல்லாம் வரிசையாக வடக்கு முனை வரை போய், அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். இந்த வருஷம் கிளெம்மும் பச்சைக் காரில் போவதாகப் பேர் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகு மூன்றாம் நாள், புதன்கிழமை, க்ரீன் பேயில் அவனுக்கு ஓட்டுநர் பரிசோதனை. இனி வண்டி ஓட்டலாமா கூடாதா என்று அங்கே முடிவு செய்வார்கள். தேற மாட்டோம் என்று அவனுக்கே தெரியும். ஆகவே ஓட்டுவதென்றால் அந்த ஒரு ஞாயிறுதான். ஆனால் கார் இருபது மைலைத் தாண்ட மறுத்தது. மூன்று வெள்ளோட்டம் விட்டான். மூன்று முறையும் பேட்டரி செத்து, வார்ட் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

பூப்பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், கிளெம் பட்டறை வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"டெல், நான் வாடிக்கைக்காரனா வந்திருக்கேன்."

அவள் தலையைத் தூக்கவில்லை. "வாடிக்கைக்காரன்னா முதல்ல ஒப்புக்கொடு. என்னத்தைக் கழட்டினே?"

"ஆல்டர்னேட்டர்."

"ம்."

"ரெண்டு."

"ரெண்டு ஆல்டர்னேட்டரா!" கையிலிருந்த திருப்புளியை மேஜையில் போட்டாள். "நாப்பத்தோரு வருஷமா என் பக்கத்துல படுத்திருக்கே. வார்ட் மாதிரி வேலை பண்ணிட்டு வந்து நிக்கிறியே! பழசையெல்லாம் எங்கே வச்சிருக்கே?"

"நிலவறையில. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு பேட்டரியும் இருக்கு" என்றான்.

அவள் திட்டிய திட்டு ரோட்டில் போன பால் வண்டிக்காரனுக்குக் கேட்டது. கிளெம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். திட்டு முடிந்ததும் இரண்டு பேருமாகக் காரைப் பட்டறைக்குள் தள்ளினார்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, முன்விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் போடச் சொன்னாள். பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே. பதினாலு இருக்க வேண்டிய இடம். பிரேக்கை மிதிக்கச் சொன்னபோது பெட்ரோல் முள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரி சாய்ந்தது. அதைப் பார்த்து "ம்" என்றாள். பிறகு ஆல்டர்னேட்டரிலேயே நேராக அளந்தாள். பதினாலே கால். அது ஒழுங்காகத்தான் மின்சாரம் செய்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கழற்றப்பட்ட இரண்டும் ஒழுங்காகத்தான் செய்திருக்கும்.

"இது பதினாலு அனுப்புது, பேட்டரிக்குப் பன்னிரண்டுதான் வந்து சேருது. நடுவுல ரெண்டு வோல்ட்டை யாரோ திங்கிறாங்க" என்றாள், பாதி தனக்கே.

போகிற வழியை அளந்தாள். சுத்தமாக இருந்தது. அப்புறம் திரும்பி வரும் வழி. ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து அதைத் தாங்கும் பிராக்கெட், பிராக்கெட்டிலிருந்து இன்ஜின், அங்கிருந்து பேட்டரி. உடம்பில் முனையை வைத்ததும் தொலைந்த இரண்டு வோல்ட் அப்படியே மீட்டரில் வந்து நின்றது. அடுத்தது பிராக்கெட். மீட்டரின் கூர்முனையை அதில் வைத்தாள். வழுக்கியது. அழுத்தினாள். மறுபடி வழுக்கியது. முனை இரும்பைத் தொடவே இல்லை. அவ்வளவு நேர்த்தியான பெயின்ட். போல்ட்டின் தலையில் வைத்தாள், பெயின்ட். வளையத்தில், பெயின்ட். எட்டிப் பார்த்தால் பிராக்கெட்டின் முதுகில், இன்ஜினோடு ஒட்டி உட்காரும் பக்கத்தில்கூட, கண்ணாடி போல ஒரே சீராகக் கரும்பச்சை.

நாலாவது முறை பூசி அவனே ஒத்துக்கொண்ட அந்த பிராக்கெட்தான் அது.

அவள் குனிந்தபடியே கண்ணால் மற்ற இடங்களைத் தேடினாள். எந்தக் காரிலும் மின்சாரம் திரும்பிப் போகிற எர்த் ஒயர் வந்து உட்காரும் இடத்தில் இரும்பு வெறுமையாக இருக்க வேண்டும். இங்கே விளக்குக்கு அடியில், பின்பக்கப் பெட்டிக்குள், டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு இடம் பாக்கியில்லை. கிளெம் எல்லாவற்றையும் பூசியிருந்தான். துருவிடமிருந்து அந்தக் காரை அவன் முழுசாகக் காப்பாற்றியிருந்தான். அதனாலேயே மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் போயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே நிமிர்ந்து, "இதைப் பூசின முட்டாள் யாரு?" என்று கேட்டிருப்பாள். நிமிர்ந்தாள். கிளெம் ஏதோ போல்கா நடன மெட்டை முணுமுணுத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி, காரின் தோள்பட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன, கண்டுபுடிச்சிட்டியா?"

"இன்னும் பார்க்கணும். நாளைக்குப் பார்க்கிறேன்" என்றாள் டெல்ஃபின்.

வெள்ளிக்கிழமை காலை கிளெம் உடற்பயிற்சி வகுப்புக்குப் போன நேரத்தில், ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு கறுப்பு ஒயரை இழுத்து, குழாய்களுக்குப் பின்னால் மறைவாகக் கட்டிவிட்டாள். பெயின்டில் ஒரு கீறல் இல்லை. பேட்டரியில் பதினாலு வந்தது. மற்ற இடங்களில் பெயின்ட் அப்படியே இருந்ததால் பெட்ரோல் முள் இன்னும் சாய்ந்தது, விளக்குகள் சோர்வாகத்தான் எரிந்தன, ஆனால் கார் வடக்கு முனைக்குப் போய்த் திரும்பிவிடும். கோளாறைச் சரி செய்யாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகிற ஒயரை அவள் ஆயுசில் யாருக்கும் போட்டதில்லை. போட்டவர்களைப் பற்றி அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. கையைக் கழுவினாள். இரண்டாம் தடவையும் கழுவினாள்.

"சரியாயிடுச்சு" என்று கிளெம் வந்ததும் டெல்ஃபின் சொன்னாள். "ஒரு ஒயர் லூஸா இருந்தது."

"எந்த ஒயர்?"

"பின்னாடி... ஒண்ணு."

"ஓ" என்றான் கிளெம்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல முக்குக் கடைக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள். வார்ட் வந்து அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்தான்.

"கிளெம், கார் என்னாச்சு? ஞாயித்துக்கிழமைக்குக் கயிறு எடுத்துட்டு வரவா?"

"கயிறை நீயே கழுத்துல கட்டிக்கோ. டெல் சரி பண்ணிட்டா. லூஸ் ஒயராம்."

"அப்படியா! ரெண்டு ஆல்டர்னேட்டர் மாத்தினதுக்கு எவ்வளவு நேரம் திட்டினாங்க?"

"அதுக்கு அரை மணி."

"லூஸ் ஒயரைக் கண்டுபுடிச்சதும்?"

கிளெம் மீனை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினான். "அதுக்குத் திட்டலை" என்றான் மெதுவாக.

"திட்டலையா?" வார்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒயரை லூஸா விட்டதுக்கு எனக்கு ஒரு மணி நேரம் விழுந்துச்சே. டெல், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வாயை மூடிட்டு முட்டைக்கோஸைத் தின்னு" என்றாள் டெல்ஃபின். கிளெம் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அவள் தன் மீனை வார்டின் தட்டுக்குத் தள்ளினாள்.

சனிக்கிழமை காலை அவள் காப்பியோடு பட்டறைக்கு வந்தபோது காரின் மூடி திறந்திருந்தது. கிளெம் டார்ச்சை வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். ஒரு விரல் கறுப்பு ஒயரின் மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் அவனுக்குத் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் பெயின்ட் அடித்தவனுக்கு, ஒரு ஒயர் எதை ஒதுக்கிவிட்டுச் சுற்றிப் போகிறது என்று பார்க்கத் தெரியும்.

"இது பெயின்டைத் தாண்டறதுக்குப் போட்ட ஒயர்தானே?" என்றான், நிமிராமல்.

அவள் வாசலிலேயே நின்றாள்.

"நான் பூசினதுதான் தப்பு. உனக்கு வியாழக்கிழமையே தெரியும். வார்டா இருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"கிளெம்..."

"என்ன சொல்லியிருப்பே?"

"வார்ட் வேற."

"என்ன வேற? அவன் கை நடுங்காது. அதானே?" இப்போது நிமிர்ந்தான். அவ்வளவு கோபமாக அவனை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. "இப்பல்லாம் எல்லாரும் என்கிட்ட மெதுவாத்தான் பேசறாங்க, டெல். டாக்டர் மெதுவாப் பேசறான். கடையில இருக்கிற பொண்ணு மெதுவாப் பேசுது. மகன் போன்ல மெதுவாப் பேசறான். வீட்டுல ஒருத்தியாவது கத்துவாளேன்னு நான் நிம்மதியா இருந்தேன். நீயும் ஆரம்பிச்சிட்டா நான் எங்கே போறது?"

டெல்ஃபின் காப்பியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டு அவனுக்கு நேராக நின்றாள்.

"சரி, கேட்டுக்கோ. எர்த் உட்கார்ற இடத்தையெல்லாம் பூசித் தொலைச்சிருக்கே, மடக் கிழவா! ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, பதினோரு இடம்! இது காரா, கப்பலா? ஏரியில மிதக்க விடப் போறியா? பிராக்கெட்டுக்கு முதுகுல போய் யாராவது பூசுவானா? யாரு பார்க்கப் போறா அங்கே? வர்ற மின்சாரம் எந்த வழியாத் திரும்பும், உன் தலை வழியாவா? உன்கூடக் குடும்பம் நடத்தினதுக்கு அந்த நாப்பது மாட்டையே மேய்ச்சிட்டு இருந்திருக்கலாம்!"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கிளெம்மின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. காரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பதினோரு இடமா?"

"பதினோரு இடம்."

"நல்லாப் பூசியிருக்கேன் இல்ல?"

"என் முனை இறங்கவே இல்லடா. அவ்வளவு நல்லாப் பூசியிருக்கே" என்றாள். அது அவள் வியாழக்கிழமையிலிருந்து சொல்ல நினைத்த இன்னொரு உண்மை.

கறுப்பு ஒயரை அவளே பிடுங்கி எறிந்தாள். பிராக்கெட்டைக் கழற்றினார்கள். மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் சொன்னபோது கிளெம் வேண்டாம் என்றான். "இப்ப வேணாம். உப்புத்தாளைக் கொடு." துண்டு உப்புத்தாளைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து இரும்பின்மேல் அழுத்தினான். கை தானாகவே படபடவென்று தேய்த்தது. "பாரு, மெஷின் வாங்க வேண்டியதில்லை. நாலு வருஷத்துல முதல் தடவையா உபயோகமா ஒரு காரியம் பண்ணுது." டெல்ஃபின் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

தன் பச்சையை அவனே சுரண்டினான். பிரைமர் வந்தது, அதற்கும் கீழே வெள்ளையாக இரும்பு வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒயர் உட்காரும் அளவுக்கு ஒரு காசளவுதான். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போக மாட்டேன் என்றான். இரும்பை வெறுமையாக விட அவனுக்கு மனம் வரவில்லை. துரு பிடிக்காமலிருக்க, ஒயரை முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் சமாதானமானான். ஒன்பதாவது இடம் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு அவள் இருக்கையில் மல்லாந்து படுத்து வேலை செய்ய, அவன் டார்ச்சைப் பிடித்தான். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. "நேராப் பிடி" என்று கத்தினாள். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமா, அதையும் உன் மீட்டர்ல வச்சுப் பாரு" என்றான் கிளெம் சந்தோஷமாக.

சாயங்காலம் மறுபடி எல்லா விளக்கையும் போட்டார்கள். பேட்டரியில் பதினாலே கால். பிரேக்கை மிதித்தபோது பெட்ரோல் முள் அசையவில்லை.

ஞாயிறன்று காலை மாத்திரை போட்டு அரை மணி கழித்துக் கிளம்பினார்கள். வரிசையில் ஆறாவது கார். பின்னால் வார்ட், எதற்கும் இருக்கட்டும் என்று கயிறோடு. இரண்டு பக்கமும் செர்ரித் தோப்புகள் வெள்ளையாக நின்றன. டெல்ஃபின் மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"ஜன்னலுக்கு வெளியே பாரு, கிழவி. வருஷத்துல பத்து நாளைக்குத்தான் பூக்கும்."

"பதினாலு புள்ளி ஒண்ணு" என்றாள். பிறகு வெளியே பார்த்தாள்.

கிளெம் அழகாக ஓட்டினான். கியர் மாற்றும்போது கை உறுதியாக இருந்தது. ஏரியை ஒட்டி வளையும் ரோட்டில், இளவயதில் கப்பல் துறைக்குப் போகும்போது ஓட்டுவானே, அதே மாதிரி வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவளே மறந்து போயிருந்தாள். வடக்கு முனையில் கார் நின்றபோது வார்ட் ஓடி வந்து கிளெம்மின் முதுகில் தட்டினான். பெரிய கொப்பரையில் பூயா என்கிற கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் கறி அதிகம் வேண்டாம், சேர்ந்தால் மருந்து ஏறாது என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கிளெம் கோழியும் மாட்டுக்கறியுமாக இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். இன்று ஒரு நாள் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். கடைசியாக ஒரு தட்டில் ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பும் வாங்கி வந்து, பாதியை அவள் பக்கம் தள்ளினான்.

திரும்பி வருகையில் பாதித் தூரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மதிய மாத்திரை ஏறவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங்கின்மேல் அவன் விரல்கள் முதலில் தாளம் போட்டன, அப்புறம் தாளம் தப்பியது. ஒரு வளைவில் கார் நடுக்கோட்டைத் தொட்டது. அடுத்த வளைவில் தாண்டியது. எதிரே யாரும் இல்லை. கிளெம் எதுவும் நடக்காத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். வீட்டுக்கு இன்னும் பதினெட்டு மைல் இருந்தது. அந்தப் பதினெட்டு மைலுக்கு அப்புறம் அவனுக்கு வேறு மைல் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"டெல்."

"ம்."

"எப்படி ஓட்டறேன்?"

நல்லாத்தான் ஓட்டறே என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கிளெம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "வார்டுகிட்டச் சொல்ற மாதிரி சொல்லு" என்றான்.

டெல்ஃபின் மீட்டரை அணைத்தாள்.

"காலையில நல்லா ஓட்டினே. எல்லாரையும்விட நல்லா ஓட்டினே. இப்ப ஒரு வளைவுல கோட்டைத் தொட்டே, அடுத்த வளைவுல தாண்டிட்டே. எதிர்ல வண்டி வந்திருந்தா செத்திருப்போம்." மீட்டரை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். "இனிமே ஓட்டாதே, கிளெம். புதன்கிழமை எல்லாம் வேணாம். இங்கேயே நிறுத்து."

அவன் தலையை ஆட்டினான். கை காட்டும் விளக்கைப் போட்டான். அது பிரகாசமாக, சோர்வில்லாமல் விட்டு விட்டு எரிந்தது. ஒரு தோப்பின் வாசலில் காரை ஒதுக்கி, நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டான். பின்னால் வந்த வார்டும் நிறுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "பேட்டரியா?"

"பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. நீ போ!" என்று கத்தினான் கிளெம்.

இறங்கிக் காரைச் சுற்றி வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கும் வரை நின்றான். டெல்ஃபின் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தாள். கண் நனைந்திருந்தது. ஆனால் அது ஏமாந்தவனின் முகமாக இல்லை. அவள் கன்னத்தில் தன் ஆடும் கையை வைத்தான். நடுங்க விட்டே வைத்திருந்தான்.

"நன்றி" என்றான்.

அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கிளெம் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை போட்டான்.

"கிளட்சைப் பார்த்து விடு" என்றான். "அது உன் பட்டறை வேன் இல்ல."

"தெரியும். வாயை மூடு" என்றாள் டெல்ஃபின். சாவியைத் திருப்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.